கலவா மீன் தோலும் அப்பாவின் பாதமும்

ஜூன் 3, 2002. திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பூஜப்புரை ஜங்ஷனில் குடை மேல்பக்கமாகத் திரும்பிக்கொண்டது, ஆட்டோக்காரன் சிரித்தான். லேபுக்குள் நுழையும்போது புடவை முழங்கால் வரை ஈரம். விழிஞ்ஞத்திலிருந்து ஐஸ் பெட்டி வந்திருந்தது. கலவா மீன் தோல். ஸ்டெல்லா ஏற்கெனவே கையுறை மாட்டிச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். பாறசாலைக்காரி. லேபில் எனக்கு வலது கை.

"மொதல்ல தலையத் தொவத்துங்க அக்கா. தோலு எங்கயும் ஓடிப் போவாது."

செதில், கழுவல், ஆசிட், குளிர் அறை. வழக்கமான திங்கள்தான். மனசு மட்டும் இங்கே இல்லை. மத்தியானம் அப்பாவின் புண்ணில் முதல் ஷீட் வைக்கிறார்கள், இந்தத் தோலில் நாங்கள் செய்தது.

அப்பாவின் புண் வலது பாதத்தில், கட்டைவிரலுக்குக் கீழே. சித்திரை வெயிலில், உச்சிப் பொழுதில், வெறுங்காலோடு கோவில் பிரகாரத்தைச் சுற்றியிருக்கிறார். கல் சுட்டதே தெரியவில்லை. சர்க்கரை வியாதி பாதத்தின் உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டது. வீட்டுத் தரையில் ஈரத் தடம் கண்டு அம்மாதான் கண்டுபிடித்தாள். உடனே எனக்குப் போன்: "உங்கப்பாவைக் காலைப் பாக்கச் சொல்லு." அப்பா இரண்டடி தள்ளி ஈஸிசேரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்! நான் ஆட்டோ பிடித்து வலியசாலைக்குப் போய், "அப்பா, காலைப் பாருங்கோ" என்றேன். இதுதான் என் பெற்றோர்.

டாக்டர் லிசி தெளிவாகச் சொல்லிவிட்டார். ஜூலை பாதிக்குள் புதுச் சதை ஏற வேண்டும். இல்லையென்றால் பாதத்தின் முன்பாதியை எடுத்தாக வேண்டும். அப்பா "கொழப்பமில்லை" என்றார், மலையாளத்தில் பரவாயில்லை என்பது போல. எல்லாவற்றுக்கும் அவரிடம் அந்த ஒரு வார்த்தைதான். நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

மத்தியானம். அப்பா டிரெஸ்ஸிங் ரூமுக்குள். அம்மாவும் நானும் வெளியே பெஞ்சில், மடியில் சொட்டும் குடை. ஷீட் இன்னும் ஆய்வில் இருப்பது, நோயாளி சொந்த அப்பா என்பதால் நான் உள்ளே போகக் கூடாது, கேஸ் பேப்பரைத் தொடக் கூடாது. லேபின் தலைவர், எங்கள் சாரின் கண்டிப்பு. நியாயம்தான். ஷீட் செய்தவள் வாசலில்.

அப்பா நொண்டிக்கொண்டே வெளியே வந்தார். "ஆச்சு. அந்த டாக்டரம்மா என்னென்னவோ பறஞ்சா. எல்லாம் கேட்டுண்டேன்."

அம்மா என்னைப் பார்த்து: "என்ன சொன்னாளாம்?"

அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது.

வாங்க வேண்டியது: அம்முவுக்கு மழைக்கோட்டு. சாம்பார் பொடி. குடைக்கம்பி மாற்றணும்.


ஜூன் 6, வியாழன்

மழை விட்டுவிட்டு. தெருவெங்கும் பிரேசில், அர்ஜென்டினா கொடிகள், நனைந்து தொங்கிக்கொண்டு. உலகக் கோப்பை முடியும்வரை இவரிடம் ஒரு வேலையும் சொல்ல முடியாது.

அம்மு கேட்டாள், "அம்மா, நீ மீனை வெச்சு எந்தா பண்றே?" எட்டு வயசு. சொன்னேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறவர்கள் முதலில் சாரம் கட்டுவார்கள் இல்லையா? அதன்மேல் ஏறி நின்றுதானே வேலை? புண்ணுக்குள்ளும் அப்படி ஒரு சாரம் வேண்டும். உடம்பின் புதுச் சதை பிடித்து ஏற ஏதாவது வேண்டும். மீன் தோலிலிருந்து நார் எடுத்து, உறைய வைத்து, உலர்த்தி, ஓட்டை ஓட்டையாக வெள்ளை ஷீட் செய்கிறோம். ஆப்பத்தின் நடுப்பகுதி போல இருக்கும். சதை ஏறியதும் ஷீட் தானே கரைந்துவிடும். கழற்ற வேண்டாம்.

"அப்போ தாத்தா காலுக்குள்ள மீன் நீந்துமா?"

போன மாதம் அப்பா சம்மதக் கையெழுத்துப் போடும் முன் டாக்டர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்: "சாரே, இது மீன்டெ தோலாணு. இஷ்டமில்லெங்கில் வேண்டா." அப்பா கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு, "பகவானே மத்ஸ்யமா வந்தார். என் காலுக்கு வரப்படாதா?" அம்மா ஜன்னலிடம், "ஆத்துக்குள்ள மீன். சுவாமி அறைக்குள்ள போறவா யோசிச்சுக்கணும்." அப்பா என்னிடம், "சொல்லு அவகிட்ட. காலை வெளியில நீட்டிண்டு தலையை மட்டும் உள்ள விட்டுக் கும்பிட்டுக்கறேன்." டாக்டர் லிசி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என்னத்தைச் சொல்ல.

இன்று இரண்டாவது ஷீட். முதலாவது அதற்குள் மொத்தமும் போய்விட்டதாம். ஒரு துளி மிச்சமில்லை. இத்தனை சீக்கிரமா?


ஜூன் 10, திங்கள்

தலைவலி.

மூன்றாவது ஷீட். இரண்டாவதும் காணோம். டாக்டர் வெளியே வந்து என்னிடம் மட்டும்: "ஜெயா, பாக்கி உள்ளவர்க்கொக்கெ நிக்குந்நுண்டு. அச்சனு மாத்திரம் நிக்குந்நில்லா." மற்ற நோயாளிகளுக்கு நிற்கிறது, அப்பாவுக்கு மட்டும் நிற்கவில்லை. புண் சுத்தமாக இருக்கிறது, ஆனால் வெறும் குழி. ஒரு பொட்டுப் புதுச் சதை இல்லை.

லேபில் அதே பேட்ச் ஷீட் ஒன்றை எடுத்து, உடம்புச் சூட்டில் வைத்த நீரில் போட்டுப் பார்த்தோம். மீன் நார் சூட்டில் சீக்கிரம் உருகும், அதனால்தான் இழைகளை இறுக்கிக் கட்டுகிறோம். இறுக்கம் குறைந்துவிட்டதோ என்று பயம். என் கையால் செய்த பேட்ச். சாயங்காலம் பார்த்தால் ஜம்மென்று கிடக்கிறது.

ஸ்டெல்லா: "வென்னீரிலயே நிக்குது அக்கா. காலுல நிக்காதா? வெசனப்படாதிய. அப்பாவுக்கு நான் ஜெபம் பண்ணுதேன்."

பண்ணட்டும். எந்த சாமி கேட்டாலும் சரி.


ஜூன் 13, வியாழன்

அர்ஜென்டினா நேற்றுப் போய்விட்டது. ஜங்ஷனில் கொடியை இறக்கிவிட்டார்கள். இவர் சாப்பிடவில்லை! நாற்பது வயசு ஆள்!

சாலை பஜாரில் வெற்றிலை, சீரகம் வாங்கிக்கொண்டு வலியசாலை. அப்பாவிடம் சண்டை போட்டேன். நேராகக் கேட்டேன், "கோவிலுக்குப் போறேளா? காலை நனைக்கறேளா?"

"எங்கயும் போகல்லைடி. இந்த நாற்காலி சாட்சி."

"பின்ன ஷீட் எங்க போறது?"

"எனக்கென்ன தெரியும்? மீனோன்னோ. மழையைப் பாத்ததும் நீந்திப் போயிருக்கும்."

எனக்கு வந்த கோபத்தில் வெற்றிலைக் கட்டை மேஜைமேல் எறிந்தேன். பாதி கால் போகப் போகிறது, இவருக்கு விளையாட்டு. அம்மா சமையலறையிலிருந்து இருமினாள். ஒரு வாரமாக அம்மாவுக்கு ஜலதோஷம். கேட்டால், "மழைக்காலமில்லையா" என்கிறாள். தலை எப்போது பார்த்தாலும் ஈரம்.

அப்பாவின் கட்டைப் பார்த்தேன். திறக்கவில்லை, பார்த்தேன். துளி அழுக்கில்லை. டேப்பின் நுனியைச் சின்னதாக மடித்து ஒட்டியிருந்தது, பிரிக்கும்போது நகத்தால் தேட வேண்டாம் என்பது போல. அம்மா வடாம் பாக்கெட் ஒட்டுவது இப்படித்தான். கட்டுப் போடும் நர்ஸ் நல்ல பெண் போலிருக்கிறது.


ஜூன் 17, திங்கள்

நாலாவதும் இல்லை. சொல்ல ஒன்றுமில்லை.

சார் கூப்பிட்டார். அப்பா கேஸைப் பற்றிக் கேட்கவில்லை, அதுவே ஒரு மாதிரி இருந்தது. "ஜெயா, லீவ் வேணோ?" என்றார். வேண்டாம் என்றேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம். பக்கத்தில் ஒரு அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். லேபிலேயே சோப்புப் போட்டுக் கை கழுவி, எலுமிச்சம்பழம் தேய்த்து வந்திருக்கிறேன். இருந்தும் மீன் வாடை. அக்ரஹாரத்துப் பெண்ணுக்கு வந்த வாழ்வைப் பாரேன்.

அப்பாவின் கால். சின்ன வயசில் அந்தப் பாதத்தின் மேல் ஏறி நின்று நடந்திருக்கிறேன். இடது காலில் என் இடது கால், வலது காலில் என் வலது. ஹாலிலிருந்து கொல்லை வரை. அம்மா சிரித்துக்கொண்டே பார்ப்பாள். அப்போது பேசிக்கொண்டிருந்தார்கள்.


ஜூன் 20, வியாழன்

டாக்டர் ஆபரேஷன் தேதி பற்றிப் பேச்செடுத்தார். இன்னும் முடிவில்லை, ஆனால் எடுத்துவிட்டார். அப்பா, "கொழப்பமில்லை." குரல் அத்தனை தெம்பாக இல்லை.

அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசாமல் அரிசி களைந்துகொண்டிருந்தாள், களைந்த அரிசியையே மறுபடி மறுபடி. "அவர்கிட்ட சொல்லு, நான் திருப்பதிக்கு முடிஞ்சு வெச்சிருக்கேன்னு."

சொன்னேன். அப்பா, "எதுக்காம்? காலுக்கா, எனக்கா?"

போய்ச் சொன்னேன். அம்மா, "ரெண்டும் ஒண்ணுதானேன்னு சொல்லு."

இதைத் தூக்கிக்கொண்டு நடுவில் நடக்கிறேன் நான், தபால்காரி. முப்பத்தாறு வயசில் எனக்கு வேறு வேலை இல்லை.


ஜூன் 22, சனி

இவர் எறணாகுளம் டூர். நேற்று ராத்திரி அம்முவோடு வலியசாலையில் தங்கினேன். உடனே எழுதிவிடுகிறேன்.

விடிகிற நேரம் விழிப்பு வந்தது. கிணற்றடியில் ஜலம் கொட்டும் சத்தம். அம்மா குளிக்கிறாள் என்று கண்ணை மூடினேன். பிறகு ஹாலில் வளையல் சத்தம். எழுந்து வாசற்படி வரை போனேன்.

அம்மா அப்பாவின் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஈரத்துண்டு. பக்கத்தில் சின்னப் பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர், ஆவி வந்துகொண்டிருந்தது. பழைய மல்வேட்டித் துணி. கட்டைப் பிரித்துவிட்டாள். புண்ணில் மஞ்சளாக, கொழகொழவென்று இருந்ததைத் தொட்டுத் தொட்டுத் துடைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கண் பீளையைத் துடைப்பது போல, அவ்வளவு மெல்ல. ஒரு துளி விடாமல்.

அது சீழ் இல்லை. அதுதான் என் ஷீட்! ஈரம் குடித்துக் கூழாகி, சதை ஏறக் காத்திருக்கும் ஷீட். பார்க்கச் சீழ் மாதிரிதான் இருக்கும், யாரும் தொடக் கூடாது என்று டாக்டர் டிரெஸ்ஸிங் ரூமில் சொல்லித்தான் அனுப்புகிறார். அம்மா எப்போதும் வெளியே பெஞ்சில். கேட்டவர் அப்பா. அப்பா அம்மாவிடம் பேச மாட்டார். நான் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

தடுக்காமல் வாசற்படியிலேயே நின்றேன். அம்மா துடைத்து முடித்துக் குனிந்து புண்ணின்மேல் ஊதினாள். உணர்ச்சியே இல்லாத பாதம் அது. புதுப் பஞ்சு, புதுத் துணி, டேப். டேப்பின் நுனியை மடித்தாள். எழுந்தாள். மறுபடி கிணற்றடியில் ஜலம் கொட்டும் சத்தம். மீனைத் தொட்டுவிட்டாளே, அதனால் மறுபடி குளியல். இந்த மழையில் தினம் இரண்டு முழுக்கு. ஜலதோஷம் வராமல் என்ன செய்யும்?

முதலில் வந்தது நிம்மதி. என் ஷீட்மேல் தப்பில்லை என்ற நிம்மதி. சீ என்று ஆகிவிட்டது எனக்கே.

பிறகு அப்பாவைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து மேலே விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தூங்கவே இல்லை.


அதே நாள், மத்தியானம்

அம்மா கோவிலுக்குப் போயிருந்த நேரம். அப்பாவிடம் கேட்டேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"என்னது?"

"அப்பா."

பேப்பரை மடித்தார். ரொம்ப நேரம் மடித்தார். "தெரியாம என்ன. தினம் முழிச்சுண்டுதான் இருப்பேன். கண்ணை மூடிண்டு."

"தொடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது ஓர்மை இருக்கோன்னோ?"

"இருக்கு."

"கால் போயிடும்ப்பா! யாரும் தொடல்லைன்னு அவாகிட்டப் பொய் வேற சொல்லியிருக்கேள். ஏம்ப்பா?"

"சொன்னா நிறுத்திடுவளேடி."

மழை ஓட்டில் அடித்துக்கொண்டிருந்தது. அம்மு உள்ளே ஏதோ மலையாளப் பாட்டு முனகிக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்க்காமலே சொன்னார், "அவ தொடறது கால்ல தெரியாது கேட்டியா. வளைச் சத்தம் கேக்கும். அது மதி, அது போறும் எனக்கு."

எனக்கு அவரைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் தெரியவில்லை. ஜலம் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.


ஜூன் 23, ஞாயிறு

ராத்திரி தூக்கமில்லை. பாதி விஷயம் மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். "டாக்டர் தொட வேண்டாங்கறா" என்று மட்டும். அப்பா விழித்திருந்ததைச் சொல்ல வேண்டாம். அம்மா கூசிப்போவாள், நல்லதுக்குத்தானே மறைக்கிறோம் என்று.

நல்லதுக்கு மறைத்ததில் வந்ததுதான் இத்தனையும். என் கல்யாணத்தன்று காலையில் செங்கோட்டையிலிருந்து போன். அம்மாவின் தம்பி, என் கோபு மாமா, மாரடைப்பில் போய்விட்டார். போனை எடுத்தவர் அப்பா. யாரிடமும் மூச்சு விடவில்லை. முகூர்த்தம் முடிந்து, சாப்பாடு முடிந்து, என்னை வண்டி ஏற்றி அனுப்பிவிட்டு, சாயங்காலம்தான் அம்மாவிடம் சொன்னார். அம்மா போய்ச் சேர்வதற்குள் மாமாவை எடுத்தாகிவிட்டது. முகம் பார்க்கவில்லை. அன்றிலிருந்து பேச்சில்லை. என்னிடம் ஒரு நாளும் முகம் கோணியதில்லை அம்மா. ஆனால் என் கல்யாண ஆல்பத்தை அவள் திறந்து நான் பார்த்ததில்லை.

அதனால் முழுதும் சொன்னேன். கொல்லைப்பக்கம், துவைகல் அருகில் வைத்து. மஞ்சள் கூழ் எது என்பது, அது ஏன் தொடக் கூடாது என்பது, அப்பா விழித்திருந்தது, பொய் சொன்னது, ஏன் சொன்னார் என்பது.

அம்மா கேட்ட முதல் கேள்வி: "நான்தான் கெடுத்தேனா?"

"உனக்கு யாரும் சொல்லல்லையேம்மா."

"நாத்தமா இருந்தது. சீழ்னு நெனச்சேன். அழுக்கோட விட மனசு வரல்லை, அதான்." பிறகு, "முழிச்சுண்டா இருந்தார்?"

"ஆமா."

"எல்லா நாளுமா?"

"எல்லா நாளும்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். ஈரத் துணியை எடுத்துப் பிழியத் தொடங்கினாள். பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். போ என்று கையைக் காட்டினாள்.


ஜூன் 24, திங்கள்

டாக்டரிடம் போய் எல்லாம் சொன்னேன். அப்பா பொய் சொன்னது உட்பட. ஆய்வுக் கணக்கில் அப்பாவைச் சேர்க்க முடியாது, சரிதான். சிகிச்சை தொடரும். புது ஷீட் வைத்தார்கள்.

டாக்டர் லிசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எத்ர கொல்லமாயி மிண்டாதெ?" எத்தனை வருஷமாகப் பேச்சில்லை என்று. சொன்னேன். "எண்டெ தெய்வமே." பிறகு அவருடைய டாக்டர் முகம் திரும்பி வந்தது. இந்த முறை அம்மாவை உள்ளே கூப்பிட்டார். நான் மட்டும் பெஞ்சில், கதவு திறந்திருந்தது.

"அம்மே, ஈ காலில் தொடருது. பக்ஷே மற்றே கால் தினம் நோக்கணம். அதிலும் உணர்ச்சி குறவாணு. விரலிடுக்கு நோக்கணம், எண்ணெ தேய்க்கணம். சாரினு குனியான் பற்றில்லா. ஆரெங்கிலும் செய்யணம்."

இந்தக் காலைத் தொடாதே, மற்றக் காலைத் தினமும் பார், எண்ணெய் தேய். அவரால் குனிய முடியாது, யாராவது செய்ய வேண்டும். அம்மா குடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.


ஜூன் 27, வியாழன்

ஷீட் இருக்கிறது! மஞ்சளாக, கொழகொழவென்று, அழகாக! டாக்டர் கூப்பிட்டுக் காட்டினார், இனி அப்பா கணக்கில் இல்லையே, நான் பார்க்கலாம். ஸ்டெல்லாவுக்குப் போன் பண்ணினேன். "ஸ்தோத்திரம்" என்று கத்தினாள். சாருக்குக் கேட்டிருக்கும்.

ஆனால் அப்பா வாடிப்போயிருக்கிறார். விடியற்காலையில் அம்மா இப்போது ஹால் பக்கமே வருவதில்லை. குளித்துவிட்டு நேராக சுவாமி அறை. எண்ணெய்க் கிண்ணம் அலமாரியில் அப்படியே இருக்கிறது. அப்பாவிடம் கால் நன்றாக இருக்கிறதே என்றேன்.

"கால் இருக்கு" என்றார்.


ஜூலை 1, திங்கள்

பிரேசில் ஜெயித்ததாம். நேற்று ராத்திரி வெடி. அம்மு பயந்து என்மேல் ஏறிப் படுத்துக்கொண்டாள்.

இன்று லீவ் போட்டேன். வலியசாலை. மத்தியானம் மழை ஓய்ந்து ஒரு வெயில். அப்பா ஈஸிசேரில், கட்டுப் போட்ட கால் ஸ்டூலின்மேல். நான் கீழே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

அம்மா வந்தாள். கையில் எண்ணெய்க் கிண்ணம். பகல் வெளிச்சத்தில், என் கண் முன்னால், தரையில் உட்கார்ந்து அப்பாவின் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். விரலிடுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணெய் தேய்த்தாள். அப்பா மூச்சு விடுகிறாரா என்று சந்தேகமாக இருந்தது.

காலைப் பார்த்தபடியே என்னிடம் சொன்னாள், "கேளு அவர்கிட்ட. அன்னிக்கு எங்கிட்ட ஏன் சொல்லல்லை?"

கீரை கையில் அப்படியே நின்றுவிட்டது. பதினோரு வருஷத்தில் இந்தக் கேள்வியை அவள் என் மூலமாகக்கூடக் கேட்டதில்லை. அப்பா இரண்டடி தூரத்தில். எல்லாம் கேட்டாயிற்று. ஆனாலும் நான் சொல்லாமல் அவர் பதில் சொல்ல மாட்டார்.

"அப்பா, அன்னிக்கு ஏன் சொல்லல்லைன்னு அம்மா கேக்கறா."

அப்பா தொண்டையைச் செருமினார். "சொல்லு அவகிட்ட. போனை வெச்சுட்டு சொல்லணும்னுதான் உள்ள வந்தேன். அரக்குப் பட்டு கட்டிண்டு, தலை நிறையப் பூ வெச்சுண்டு நின்னுண்டிருந்தா. என்னைப் பாத்து, நன்னா இருக்கான்னு கேட்டா. அப்படி அவ கேட்டதே இல்லை எங்கிட்ட. நன்னா இருக்குன்னேன். அப்பறம் வாயைத் திறக்க முடியல்லை. கல்யாணத்துக்காக இல்லைன்னு சொல்லு. அவ மூஞ்சிக்காக."

நான் சொல்லவில்லை. அம்மாவும் என்னைக் கேட்கவில்லை. தேய்த்துக்கொண்டிருந்த கை நின்றது. பிறகு மறுபடி தேய்க்க ஆரம்பித்தது. எண்ணெய் எல்லாம் உறிஞ்சிப்போன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கண்ணிலிருந்து கொட்டியது, துடைத்துக்கொள்ளவில்லை.

கீரை பாதி ஆய்ந்தபடி கிடந்து வாடிவிட்டது. ராத்திரி ரசம் மட்டும்.


ஜூலை 4, வியாழன்

குழிக்குள் சிவப்பு. மாதுளை முத்து மாதிரி, ஓரங்களிலிருந்து ஏறி வருகிறது. புதுச் சதை. டாக்டர் லிசி விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆபரேஷன் பேச்சு இப்போதைக்கு இல்லை. முழுதும் மூட ஆவணி ஆகலாம், கவனம் வேண்டும், சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், வெறுங்காலில் பிரகாரம் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் "கொழப்பமில்லை."

"ஆரெங்கிலும் தொட்டோ?" என்று கேட்டார் டாக்டர்.

"தொட்டா. மத்தக் காலை" என்றார் அப்பா. அவருக்கு என்ன பெருமை!

அம்மா சுவரில் இருந்த கண் பரிசோதனை அட்டையை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.


ஜூலை 7, ஞாயிறு

லேசான தூறல். குடைக்கம்பி இன்னும் மாற்றவில்லை. அம்முவோடு வலியசாலை. வழியில் பூ வாங்கினேன்.

அம்மாவுக்கு இருமல் குறைந்திருக்கிறது. ஒரு முழுக்குதான் இப்போது. அம்மு தாத்தாவின் கட்டைப் பார்த்து, "மீன் உறங்கறதா?" என்றாள். அப்பா, "உறங்கறது, சத்தம் போடாதே" என்றார்.

நானும் அப்பாவும் ஹாலில். சமையலறையில் டிகாக்ஷன் வாசனை. டம்ளர் வைக்கும் சத்தம். அப்புறம் உள்ளேயிருந்து:

"ஏன்னா. காபி."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், நான்தான் குரல் கொடுத்தேன், "இதோ வராராம்மா!"

"உன்னையாடி கூப்பிட்டேன்?" என்றாள் அம்மா.